புரதக் கைனேஸ்: ‘இயக்கி’ என்ற சொல் ஏன் பொருந்தாது?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கைனேஸ் என்ற நொதிவகைப் பெயரின் கிரேக்க வேருக்கு ‘அசைத்தல், இயக்குதல்’ என்று பொருள் இருப்பதால் ‘புரத இயக்கி’ என்று வழங்கலாம் என்ற முன்மொழிவுக்கு இந்தக் கலைச்சொல் இழையில் பலர் ஆதரவு தெரிவித்திருக்கிறார்கள். சொல் சிறியது, நாவுக்கு எளியது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இந்த நொதியின் வேலையை அது தவறாகக் காட்டுகிறது என்பதால், அதைக் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

புரதக் கைனேஸ், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி (ATP) மூலக்கூற்றின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து, ஒரு புரதத்திலுள்ள செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களுள் ஒன்றின் ஹைட்ராக்சில் தொகுதியில் சேர்க்கிறது. பாஸ்பேட் ஏறிய புரதம் செயல்படத் தொடங்கலாம், செயலிழக்கலாம், உயிரணுவுக்குள் இடம் மாறலாம், சிதைவுக்கும் உள்ளாகலாம். எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950களில் ஆராய்ந்து, பின்னர் 1992இல் நோபல் பரிசு பெறக் காரணமான நிகழ்வில், உடலின் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனைப் பிளக்கும் நொதி பாஸ்பேட் ஏறியதும் விழித்தெழுந்தது. அதை மட்டும் பார்த்தால் ‘இயக்கி’ பொருந்துவதுபோலவே தோன்றும். ஆனால் அதே கிளைக்கோஜனைக் கட்டும் நொதியோ பாஸ்பேட் ஏறினால் அடங்கிவிடுகிறது.

இதைவிடத் தெளிவான சான்று மனிதரின் 11ஆம் குரோமோசோமில் உள்ள வீ1 என்ற மரபணு. அதன் குறிமுறைப்படி 646 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கைனேஸ் உருவாகிறது. உயிரணுவைப் பிரிவுக்குள் செலுத்தும் சிடிகே1 என்ற புரதத்தின் 15ஆம் இடத்திலுள்ள டைரோசினில் அது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஏற்றியவுடன் சிடிகே1 நின்றுவிடுகிறது. டிஎன்ஏ சேதமுற்றிருந்தால் அதைச் சீர்செய்யும் அவகாசம் உயிரணுவுக்குக் கிடைப்பதில் இந்தத் தடைக்கு முக்கியப் பங்கு உண்டு. பின்னர் சிடிசி25 என்ற பாஸ்படேஸ் அந்தப் பாஸ்பேட்டை நீக்கும்போதுதான் பிரிவு தொடங்குகிறது. இந்த மரபணுவை முதலில் ஈஸ்ட்டில் ஆராய்ந்த பால் நர்ஸ், அது பழுதான உயிரணுக்கள் போதிய அளவு வளரும் முன்பே பிரிந்துவிடுவதைக் கண்டு, ஸ்காட்லாந்து வழக்கில் ‘சிறிய’ என்று பொருள்படும் சொல்லையே அதற்குப் பெயராக்கினார். இத்தகைய தடையாளியைப் பற்றி, ‘வீ1 என்னும் புரத இயக்கி சிடிகே1ஐ நிறுத்துகிறது’ என்று பாடநூலில் எழுதினால், படிக்கும் மாணவர் எதை நம்புவார்?

ஆகவே விளைவைச் சொல்லாமல் வினையை மட்டும் சொல்லும் ‘பாஸ்பேட்டேற்றி’ என்பதை முன்மொழிகிறேன். இதற்கு இணையாகப் பாஸ்படேஸுக்குப் ‘பாஸ்பேட்நீக்கி’ என்பது இயல்பாக அமைகிறது. வினையின் பெயரும் ‘பாஸ்பேட்டேற்றம்’ என்று எளிதில் கிடைக்கிறது. பாஸ்பாரிலேஸை இவற்றோடு குழப்பக் கூடாது. அது ஏடிபியைப் பயன்படுத்தாமல், கனிமப் பாஸ்பேட்டைக் கொண்டு பிணைப்பைப் பிளக்கும் வேறு வகை நொதி. அதற்கு நல்ல சொல் அமையும்வரை பாஸ்பாரிலேஸ் என்றே எழுதலாம்.

‘புரதப் பாஸ்பேட்டேற்றி’ என்றால் புரதத்தாலான ஏற்றி என்றும் பொருள்கொள்ள இடமுண்டே என்ற எதிர்ப்பு நியாயமானது. ஆயினும் ஹெக்சோகைனேஸ் என்பதில் ஹெக்சோஸ் என்னும் சர்க்கரை பாஸ்பேட்டைப் பெறும் பொருளைக் குறிப்பதுபோல, முன்னொட்டாக வரும் சொல் பெறுவதையே குறிக்கும் என்று வரையறையில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பைருவேட் கைனேஸ் மட்டும் இங்கே இடறும். உடலில் அது பாஸ்பேட்டை ஏடிபி (ATP) உருவாகும்படி ADP மூலக்கூற்றுக்குக் கொடுத்துவிட்டுப் பைருவேட்டை விடுவிக்கிறது. எதிர்த்திசை வினையை வைத்து அதற்குப் பெயர் அமைந்துவிட்டது. இந்தக் குறை மூலப்பெயரிலேயே இருப்பதால் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தால் போதுமென்று கருதுகிறேன்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. உயிரணுவில் சைகையைப் பெறும் புரதத்துக்கு (receptor) ‘ஏற்பி’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் நிலைத்திருக்கிறது. இன்சுலின் ஏற்பியோ தானே டைரோசின்மீது பாஸ்பேட் ஏற்றும் நொதியாகவும் இருக்கிறது. ‘ஏற்பி’, ‘ஏற்றி’ இரண்டும் ஒரே தொடரில் வந்தால் கண்ணும் காதும் தடுமாறும். இதைத் தவிர்க்க ‘பாஸ்பேட்சேர்ப்பி’ என்ற மாற்றை யாரேனும் விரும்பினால் நான் மறுக்கமாட்டேன்.

கைனேஸ் என்று முடிவதையெல்லாம் இப்படி மாற்றிவிடவும் கூடாது. யூரோகைனேஸ் புரதத்தை வெட்டும் நொதி. ஸ்ட்ரெப்டோகைனேஸ், இரத்தக் கட்டியைக் கரைக்கும் நொதியின் முன்வடிவான பிளாஸ்மினோஜனோடு இணைந்து அதைச் செயல்பட வைக்கும் புரதம். இரண்டும் பாஸ்பேட்டைத் தொடுவதே இல்லை. வேரின் பொருளில் ‘இயக்கி’ என்ற பெயர் யாருக்கேனும் பொருந்துமென்றால், அது இந்தப் பழைய பெயர்களுக்குத்தான். மருந்துப் பெயர்களாகப் பழகிவிட்ட அவற்றை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம்.

மரபணுப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பதில் நாம் அனைவரும் உடன்படுகிறோம் என்று நினைக்கிறேன். மூலத்தில் மரபணுவைச் சாய்வெழுத்திலும் புரதத்தை நேரெழுத்திலும் எழுதிப் பிரித்துக்காட்டுகிறார்கள். தமிழில் அந்த வழக்கம் வேரூன்றாததால், ‘வீ1 மரபணு’, ‘வீ1 பாஸ்பேட்டேற்றி’ என்று ஒவ்வொரு முறையும் வகைச்சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டுகிறேன். ‘ஏற்றி’, ‘சேர்ப்பி’ இரண்டில் எது உங்கள் வாக்கியங்களில் நன்றாக அமர்கிறது என்பதை எழுதிப் பார்த்துத் தெரிவியுங்கள்.

அன்புடன்.