பனிமலைப் பக்கம் போன எங்கட ஆட்கள், கண்டதைச் சொல்லுங்கோ

கோண்டாவில் மாஸ்டர்:
யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத மண்ணில் நின்று பனியாறு (மலையில் மெல்ல நகரும் பெரிய ஐஸ் திரள்) பற்றிப் பாடம் நடத்துவது சும்மா வேலை இல்லை. பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பாடமாக்கி, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே வீட்டுக்கு வீடு சுவிசிலோ நோர்வேயிலோ ஒருத்தர் இருக்கிறார். கேதார்நாத், முக்திநாத் போய்வந்தவர்களும் குறைவில்லை. புத்தகத்தில் உள்ளது வேண்டாம், கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

பேர்ண் வாசி:
கோடையில் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது ஐஸ் மலைதான். யுங்பிராவ் ரயில் டிக்கெட் விலைக்குப் பயந்து நான் காரில் ஏற்றிக்கொண்டு ஃபுர்கா கணவாய்க்குப் போய்விடுவேன். ஜெனீவா ஏரிக்குள் விழும் ரோன் ஆறு அங்கேயுள்ள பனியாற்றிலிருந்துதான் புறப்படுகிறது. ஐஸுக்குள் குகை வெட்டி ஆட்களை உள்ளே விடுவது அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்துவந்த பிழைப்பு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது குகைக்கு மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். "குளிருக்குப் போர்க்கிறது தெரியும், ஐஸுக்கு ஏன் தம்பி போர்வை?" என்றார்.

வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும். போர்த்திய துண்டில் உருகுவது பாதிக்கு மேல் குறையும். ஆனால் துணி அழுக்கேறி, அங்கங்கே கிழிந்து, பெரிய புண்ணுக்குப் போட்ட கட்டு மாதிரிக் கிடந்தது. அதற்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு ஏரி. 1850களில் ஐஸ் கீழேயுள்ள கிளெட்ச் என்ற இடம் வரைக்கும் இறங்கிக் கிடந்திருக்கிறது. இன்று அங்கே கல்லும் புல்லும்தான். ஐஸைப் பார்க்க வருபவர்களுக்காகவே வளைவில் கட்டிய பெல்வெடேர் ஹோட்டலும் பூட்டியே கிடக்கிறது.

இன்னொன்று. 2022 மார்ச்சில் எங்கள் கார்க் கண்ணாடியெல்லாம் செம்மண் படிந்தது. சகாராப் பாலைவனத் தூசி. அதே தூசி மலையில் பனிமேல் படிந்தால் பனி கறுத்து, வெயிலைக் குடித்து, கெதியாக உருகும். அந்தக் கோடை வெக்கையும் சேர்ந்துகொண்டது. 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் ஐஸில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

விஸ்ப் சமையல்காரன்:
நான் சுவிசில் வலே மாநிலத்தில் இருக்கிறேன். உருகுவதைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், இடிந்து விழுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்று ஒரு கிராமம், சுமார் 300 பேர். 2025 மே மாதம் மலை உச்சியிலிருந்து பாறை உடைந்து கீழேயுள்ள பிர்ச் பனியாற்றின் மேல் விழத் தொடங்கியது. பாரம் ஏற ஏற ஐஸ் வேகமாக நகர்ந்தது. மே 19 அளவில் சனத்தை வெளியேற்றினார்கள், மாடுகளையும் இறக்கினார்கள். காயப்பட்ட ஒரு பசு ஹெலிகொப்டரில் தொங்கிக்கொண்டு வந்ததை எங்கள் குசினியில் வேலையை விட்டுவிட்டு போனில் பார்த்தோம். 28ஆம் தேதி பின்னேரம் எல்லாம் ஒரேயடியாக வந்து ஊரை மூடிவிட்டது. ஆற்றையும் மறித்து, மிஞ்சிய வீடுகள் தண்ணீருக்குள். ஒருவர் இறந்துபோனார்.

ஒரே காரணம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் உச்சியில் பாறை இடுக்குகளில் உள்ள ஐஸ்தான் பாறையைப் பிடித்துவைத்திருக்கிறது. அது இளகினால் பிடி விடும். இடம்பெயர்ந்த ஒருவர் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தார். கையில் ஒரு பை மட்டும். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் நடந்த எனக்கு அவரிடம் விளக்கம் கேட்கவேண்டியிருக்கவில்லை.

நல்லூர் அக்கா:
கேதார்நாத் எங்களுக்குப் பாடல் பெற்ற தலம், அதனால் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை நிற்கிறது. 2013 யூன் வெள்ளத்தில் அது உருண்டுவந்து நின்று, தண்ணீரை இரண்டாகப் பிரித்துக் கோயிலைக் காப்பாற்றியது. பீமசிலா என்று அதையும் கும்பிடுகிறார்கள். மேலே சோராபாரி பனியாற்றுக்கு அருகே, அது முன்பு தள்ளிவந்து குவித்த கல்லும் மண்ணும் கரையாகி, உள்ளே ஏரி தேங்கியிருந்தது. அடைமழையும் உருகிய பனியும் சேர்ந்து அந்தக் கரையை உடைத்தன. வழியிலிருந்த ராம்பாரா என்ற இடமே இல்லாமல் போய்விட்டது. இப்போது எதிர்க்கரையால் நடக்கவேண்டும். இவர் அது சிவன் செயல் என்கிறார். சரி, கல் நின்றது சிவன் செயல். கரை உடைந்ததற்கு அவரைப் பொறுப்பாக்க எனக்கு மனமில்லை.

வடமராட்சியான்:
நல்ல கதைகள்தான். ஆனால் வெயிலில் வேகும் எங்களுக்கு இதில் என்ன?

கோண்டாவில் மாஸ்டர்:
தம்பி, இமயமலைத் தண்ணீர் உங்கள் கிணற்றுக்கு வராது, உண்மை. கடல் வரும். உருகும் பனியும், சூடாகி விரியும் கடல்நீரும் சேர்ந்துதான் கடல் மட்டத்தை உயர்த்துகின்றன. எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கிறது; நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கணக்கு. வெங்காயத்துக்கு மோட்டர் போட்டு இறைத்து அந்த ஒரு அடியை நாங்களே குறைக்கிறோம். கடலும் தன் பங்குக்கு ஏறினால் கரையோரக் கிணறுகள்தான் முதலில் உவர்க்கும், அதிலும் உங்கள் பக்கம்.

பேர்ண் வாசி:
மாஸ்டர், வகுப்புக்கு ஒன்று சொல்ல மறந்துபோனேன். சுவிஸ் அரசின் நிலஅளவைத் திணைக்களம் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ரோன் பனியாற்றைத் தேடி எடுத்து ஆண்டைப் பின்னுக்கு நகர்த்தினால், 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஐஸின் எல்லை கீழே இறங்குவது தெரியும். ஜெர்மன் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, நீல நிறத்தைப் பார்த்தாலே போதும்.