ஒசூர்: ரெண்டு சீட் விமானத்துக்கு ரேடியோ, இண்டர்காம் எது எடுக்கலாம்?

பாகலூர்_ரோடு:
வணக்கம். ஒசூர்ல நிக்கிற ரெண்டு சீட் லைட் விமானம். சீட்டுங்க பக்கத்துப் பக்கத்துல, ரோட்டாக்ஸ் 912 இன்ஜின், உடம்பு முழுக்க கிளாஸ் ஃபைபர். பேனல்ல 57 மி.மீ. வட்ட ஓட்டை ஒண்ணுதான் காலி. இப்போ ஒரு கையடக்க ரேடியோவும், சிகரெட் லைட்டர் பாயின்ட்ல ஓடுற ஒரு தனி இண்டர்காமும் (உள்ள இருக்கிற ரெண்டு பேரும் ஹெட்செட்ல பேசிக்கிறதுக்கு) இருக்கு. இன்ஜின் போட்டதும் காதுல கீச்சுன்னு சத்தம், ஆர்பிஎம் ஏத்தினா அதுவும் சேர்ந்து ஏறுது. பேசுற பட்டனை அமுக்கினா இண்டர்காம் ஊளையிடுது. தருமபுரி பக்கம் இறங்கிப் போனா பெங்களூர் கன்ட்ரோல் பேசறது சுத்தமா கேக்கறதில்ல.

நிரந்தரமா ஒரு செட் போடணும். இண்டர்காம் உள்ளேயே வர்ற ரேடியோ போதுமா, தனியா வாங்கணுமா? 6 வாட் போதுமா, 10 வாட் பாக்கணுமா?

தளி_ஏவியானிக்ஸ்:
57 மி.மீ. ஓட்டைன்னா தேர்வு சுருங்கிடும், அதுவும் நல்லதுதான். ட்ரிக் டிஒய்91, பெக்கர் 6201 ரெண்டும் அந்த ஓட்டைக்குப் பொருந்தும். ட்ரிக்ல முகப்பு தனி, பெட்டி தனி. பேனலுக்குப் பின்னாடி ஆழம் இல்லைன்னா பெட்டியை சீட்டுக்குப் பின்னாடி கொண்டுபோய் வெச்சுக்கலாம். பெக்கர் ஒரே உருளை, பின்னாடி இடம் அளந்துட்டு வாங்குங்க. பிளக்கும் வயர் வளைவும் கூட ஒரு அஞ்சாறு செ.மீ. கேக்கும். ஐகாம் ஏ220 நல்ல செட், ஆனா அது 160 மி.மீ. அகலத் தட்டுல உக்காருற ரகம், பேனலை வெட்டணும்.

இந்த மூணுலயும் ரெண்டு பேருக்கான இண்டர்காம் உள்ளேயே இருக்கு. பக்கத்துப் பக்கத்து சீட்டுக்கு அது தாராளம். தனி இண்டர்காம் எப்போ வேணும்? ரெண்டாவது ரேடியோ போட்டா, ஸ்டீரியோல பாட்டு கேக்கணும்னா, இல்ல ஓட்டறவர் மட்டும் டவரோட பேசிக்கிட்டு பக்கத்துல உள்ளவரை வெட்டி வைக்கணும்னா. அப்படி வாங்கினா கரண்ட் போனாலும் ஓட்டறவர் ஹெட்செட்டை நேரா ரேடியோவோட இணைச்சு விடுற ரகமா பாருங்க. அந்த வசதி இல்லாத இண்டர்காம் செத்தா ரேடியோவும் கூடவே செத்த மாதிரிதான்.

வயரிங்ல பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம் பட்டன். ரெண்டு ஸ்டிக்குலயும் பட்டன் இருந்தா ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க. ரேடியோவுல தனித்தனி முனை இருக்கும். சேத்துக் கட்டினா யார் அமுக்கினாலும் ரெண்டு மைக்கும் திறந்துக்கும், பக்கத்து சீட்டு மூச்சு சத்தமெல்லாம் டவருக்குப் போகும்.

ஹெட்செட் பிளக் ரெண்டு: காதுக்கு 6.35 மி.மீ., மைக்குக்கு கொஞ்சம் ஒல்லியான 5.2 மி.மீ. மைக் ஜாக்குல நுனி பட்டனுக்கு, நடு வளையம் மைக்குக்கு, உடம்பு எர்த். ஜாக்கை அலுமினியப் பட்டையில மாட்டினா இன்சுலேட்டர் வாஷர் கட்டாயம். கிளாஸ் ஃபைபர்ல நேரா மாட்டினா வாஷர் தேவையில்ல, எர்த் வயரை மட்டும் தனியா ரேடியோ வரைக்கும் இழுங்க. மைக் வயர் ஷீல்டு ரகம், ஷீல்டை ரேடியோ பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க. ரெண்டு முனையும் எர்த் ஆனா அந்த வளையத்துலயே இரைச்சல் ஓடும்.

ஆன்டெனா_ஆள்:
வாட் கேள்விக்கு முதலில் பதில். 6-லிருந்து 10 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 2.2 டெசிபல். எதிர்முனையில் இருப்பவருக்கு வித்தியாசம் சரியாகத் தெரியக்கூட தெரியாது. தருமபுரி விஷயம் வாட்டே இல்லை. ஒசூர் மேட்டுநிலம், கிட்டத்தட்ட 3000 அடி. தருமபுரி அதில் பாதி உயரம்தான். விமான ரேடியோ அலையான விஎச்எஃப் நேர்ப்பார்வையில் போவது. சமதரையில் எட்டும் தூரம் கடல் மைலில், தரையிலிருந்து உள்ள உயரத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால் வரும்: 1000 அடிக்கு 39, 2500 அடிக்கு 61. நடுவில் மேட்டு விளிம்பும் குன்றுகளும் நின்றால் அதுவும் குறையும். நூறு வாட் போட்டாலும் மலை நகராது, ஏறித்தான் ஆக வேண்டும்.

கிளாஸ் ஃபைபர் உடம்பில் உண்மையான பிரச்சினை வேறு. கால் அலை ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தரை வேண்டும். அலுமினிய விமானத்தில் தோலே அந்த வேலையைச் செய்யும். உங்களுக்கு நீங்களே அமைக்க வேண்டும்: 2.5 செ.மீ. அகலச் செம்புப் பட்டை நான்கு, ஒவ்வொன்றும் 58 செ.மீ., பிளஸ் குறி போல உள்பக்கம் ஒட்டி, நடுவில் ஆன்டெனா அடிப்பாகத்தோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோஆக்ஸ் கேபிளின் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) வெளிச்சுற்றே ஆன்டெனாவாகி, காக்பிட் முழுக்க அலை பரவும். பட்டனை அமுக்கியதும் இண்டர்காம் ஊளையிடுகிறது என்றீர்களே, பாதிக்கு மேல் அதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இன்னொரு வழி, வால் செங்குத்துப் பகுதிக்குள் டைபோல், அதாவது இரண்டு கை கொண்ட ஆன்டெனா: மேலே 57, கீழே 57 செ.மீ. இதற்குத் தரை தேவையில்லை. கேபிளை டைபோலுக்குச் செங்குத்தாகக் கொஞ்ச தூரம் இழுத்து, இணைப்புக்கு அருகில் மூன்று நான்கு ஃபெரைட் வளையம் கோர்க்கவும். வாலில் கார்பன் ஃபைபர் இருந்தால் இதை மறந்துவிடுங்கள், அலை வெளியே வராது.

கேபிள் ஆர்ஜி-400. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஆர்ஜி-58 மலிவாகக் கிடைக்கும். மூன்று மீட்டருக்கு இழப்பில் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் 400-இல் இரட்டை ஷீல்டு, சூட்டையும் தாங்கும். மாட்டிய பிறகு 118, 127, 136 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்புகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள். 2-க்குள் இருக்க வேண்டும். அளக்க நானோவிஎன்ஏ என்ற சின்னக் கருவி போதும், 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவுக்கான மீட்டரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். 121.15-இன் 13-ஆம் மடங்கும் 131.25-இன் 12-ஆம் மடங்கும் ஜிபிஎஸ் அலைவரிசையான 1575.42-இன் மேலேயே போய் உட்காரும். சில அலைவரிசைகளில் பேசும்போது மட்டும் ஜிபிஎஸ் விட்டுப் போனால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ராயக்கோட்டை_மெக்:
ஆன்டெனா சொன்னதுல மறுப்பு இல்ல. ஆனா அந்த கீச்சு சத்தம் வேற கதை, அது புது ரேடியோவுலயும் அப்படியே வரும். வாங்கறதுக்கு முன்னாடியே பிடிச்சுடுங்க.

தரையில இன்ஜினை ஓட விட்டு, ரேடியோவை கேக்க மட்டும் வெச்சு (பட்டன் பக்கமே கை போகக் கூடாது) ஆன்டெனா கேபிளைக் கழட்டுங்க. சத்தம் போயிட்டா அது ஆன்டெனா வழியா வருது. போகலைன்னா கரண்ட் வயர் இல்ல எர்த். அப்புறம் ரேடியோவையும் இண்டர்காமையும் தனியா ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியில ஓட்டிப் பாருங்க. அப்போ அடங்கினா ஆளு சார்ஜிங் லைன்தான்.

912-ல ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டை சீராக்குற பெட்டி) வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல 22,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கபாசிட்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் பழசாகி வறண்டு போயிருக்கலாம். அதன் வயர் குட்டையா இருக்கணும். ஆர்பிஎம்மோட ஏறுற கீச்சு சார்ஜிங்; டிக் டிக்குன்னு வந்தா இக்னிஷன், அங்க பிளக் கேப்பும் ஷீல்டும் பாருங்க. ரெண்டும் இல்லாம ஒரே மாதிரி இரைச்சல், அதுவும் சில சேனல்ல மட்டும்னா, போன் சார்ஜரைப் புடுங்குங்க. மலிவு யுஎஸ்பி சார்ஜர் ஸ்குவெல்ச்சையே (யாரும் பேசாதப்போ இரைச்சலை அடைக்கிற வசதி) திறந்து விட்டுடும்.

பாகலூர்_ரோடு:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். கபாசிட்டர் இருக்கு, வயர் மட்டும் முக்கா மீட்டர் நீளம்! பேப்பர் வேலை என்ன? விஓஎக்ஸ் (பேசினா மட்டும் இண்டர்காம் மைக் திறக்குற அளவு) எங்க வெக்கிறது?

தளி_ஏவியானிக்ஸ்:
முக்கா மீட்டர்னா முதல்ல அதை வெட்டுங்க தம்பி, அப்புறம் பேசலாம்.

விடி பதிவு (இந்தியப் பதிவு) விமானம்னா டிஎஸ்ஓ (அமெரிக்க) இல்ல ஈடிஎஸ்ஓ (ஐரோப்பிய) தரச் சான்று உள்ள பெட்டியா எடுங்க, ரேடியோவுக்கு அது சி169. பேசறவருக்கு ஆர்டிஆர்(ஏ)ங்கிற ரேடியோ உரிமம் வேணும், 2024 விமானச் சட்டத்துக்கு அப்புறம் அது விமானத் துறை ஆணையமான டிஜிசிஏ கையில. பெட்டிக்கான ஏரோ மொபைல் உரிமம் தொலைத்தொடர்புத் துறையோட அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி கிட்ட. காசு கட்டறதுக்கு முன்னாடியே மாடலைச் சொல்லி உங்க ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

விஓஎக்ஸை ஹேங்கர்ல வெக்காதீங்க. குரூஸ் ஆர்பிஎம்ல, கேனப்பி மூடி, யாரும் பேசாம இருக்கும்போது சத்தம் அடங்குற வரைக்கும் திருப்பி, அதுக்கு மேல ஒரு துளி. மைக் உதட்டுல இருந்து அரை செ.மீ.க்குள்ள, மேல பஞ்சு உறை. முதல் எழுத்து விழுங்கிப் போனா அளவு கூடிப்போச்சு. மைக் கெயினைக் கடைசியா தொடுங்க. அதைத் தூக்கினா இன்ஜின் சத்தமும் சேர்ந்து போகும்.

பிரேக்கர் 5 ஆம்ப், வயர் 18 கேஜ் டெஃப்செல் (சூடு தாங்குற உறை போட்ட விமான வயர்). ஸ்டார்ட்டர் அமுக்கும்போது ரேடியோ ஆஃப்ல இருக்கணும்.