வண்டி அடுத்த ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மாறும்போது டேட்டா நிற்கிறது: ஹேண்டோவர் கோளாறா, ரவுட்டிங் கோளாறா?

தடம்மாறி:

வணக்கம். தானாக ஓடும் சரக்கு வண்டிகளுக்கான வைஃபை அமைப்பு இது. வண்டியில் லினக்ஸ் போர்டு, அதில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் (வைஃபை இணைப்பைக் கவனிக்கும் நிரல்). ஆக்சஸ் பாயின்ட்டுகளில் (இனி ஏபி) ஹோஸ்ட்ஏபிடி (அதே வேலையை ஏபி பக்கம் செய்யும் நிரல்). 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும். இரண்டு ஏபிக்களுக்கு இடையே சுமார் 25 மீட்டர், வண்டியின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ், அடையாளத்தைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் தனியாக இருக்கிறது. ஏபிக்களில் 802.11ஆர் (ஏபி மாறும்போது வேகமாக இணைக்கும் வசதி) இயக்கப்பட்டுள்ளது. கட்டடத்தின் ஒரு பாதி ஒரு சப்நெட் (தனி ஐபி முகவரித் தொகுதி), மறுபாதி இன்னொரு சப்நெட்.

சர்வரிலிருந்து வண்டிக்கு யுடிபியில் கட்டளைகள் போகின்றன. வண்டி 3 வினாடிக்கு ஒருமுறை நிலைச் செய்தி அனுப்பும். ஏபி மாறும்போது பிங் சில நேரம் 1 வினாடி, சில நேரம் 5 வினாடி வரை நிற்கிறது. பின்னணி ஸ்கேன் (இணைப்பில் இருக்கும்போதே வேறு ஏபி தேடுவது) அமைப்பு ‘சிம்பிள்:30:-65:300’. எங்கிருந்து தொடங்குவது?

அலைவரிசை:

ரேடியோ மாறுவதற்கு ஆகும் நேரம் வேறு, பாக்கெட் புதுப் பாதையைப் பிடிக்க ஆகும் நேரம் வேறு. இரண்டையும் பிரிக்காமல் எதையும் மாற்ற வேண்டாம். பிங் இதற்கு உதவாது. போன பாக்கெட் தொலைந்ததா, திரும்பி வந்த பதில் தொலைந்ததா என்று அது காட்டாது.

வரிசை எண் இட்ட சிறிய யுடிபி பாக்கெட்டுகளை 20 மில்லிவினாடிக்கு ஒன்றாக அனுப்புங்கள். முதலில் வண்டியிலிருந்து சர்வருக்கு மட்டும். அடுத்து சர்வரிலிருந்து வண்டிக்கு மட்டும். அப்போது வண்டி தன் வழக்கமான நிலைச் செய்தியைத் தவிர வேறெதையும் அனுப்பக்கூடாது. பிறகு இரு திசையிலும் ஒரே நேரத்தில். இடைவெளியைப் பெறும் பக்கத்திலேயே அளப்பதால் இரு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. கூடவே வைஃபை நிகழ்வுகளைக் காட்டும் ‘ஐடபிள்யூ ஈவன்ட்’ கட்டளையின் வெளியீட்டையும் சப்ளிகன்ட் பதிவையும் நேரமுத்திரையோடு சேமியுங்கள். ஒரே சப்நெட்டுக்குள் மாறுவதையும் சப்நெட் தாண்டுவதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தடம்மாறி:

அளந்துவிட்டேன். ஒரே சப்நெட்டுக்குள்: வண்டி → சர்வர் மட்டும் என்றால் சுமார் 800 மில்லிவினாடி. அதில் 550 வரை இஏபி (ரேடியஸ் வழியான அடையாளச் சரிபார்ப்பு) பரிமாற்றத்துக்கே போவதாகப் பதிவு காட்டுகிறது. இரு திசையும் சேர்ந்து ஓடும்போதும் ஏறக்குறைய அதே 800. ஆனால் சர்வர் → வண்டி மட்டும் ஓடும்போது ஒரு முறை 0.9 வினாடி, இன்னொரு முறை 2.7 வினாடி; எப்போதும் 3 வினாடியைத் தாண்டவே இல்லை. சப்நெட் தாண்டினால் எப்படி அனுப்பினாலும் 4 வினாடிக்கு மேல்.

அலைவரிசை:

அருமை, இதிலேயே மூன்று தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. ரேடியோ பக்கத்தை நான் சொல்கிறேன்.

550 மில்லிவினாடி இஏபிக்குப் போகிறது என்றால் 802.11ஆர் வேலை செய்யவில்லை என்று பொருள். அது தோற்றால் பிழை எதுவும் காட்டாமல் முழு அடையாளச் சரிபார்ப்புக்குத் திரும்பிவிடும். இணைப்பு கிடைத்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. வண்டியின் அமைப்புக் கோப்பில் சாவி மேலாண்மை வரியில் ‘எஃப்டி-இஏபி’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏபியில் மட்டும் இயக்கினால் போதாது. அடுத்து, எல்லா ஏபியிலும் மொபிலிட்டி டொமைன் (ஏபிக் குழுவின் அடையாளம்) ஒரே மதிப்பாகவும், நாஸ் ஐடென்டிஃபையர் (தனி ஏபியின் அடையாளம்) ஒவ்வொன்றிலும் வெவ்வேறாகவும் இருக்க வேண்டும். அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து எல்லா ஏபியிலும் போடும் இடத்தில் இந்த இரண்டாவது விதி உடையும். ஆர்0கேஹெச், ஆர்1கேஹெச் (சாவியைத் தரும், பெறும் ஏபிக்கள்) பட்டியல்களில் ஏபிக்கள் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும், சாவியும் பொருந்த வேண்டும். சரியாகிவிட்டதா என்பதைக் காற்றில் பிடித்த ஃபிரேம்களில் பாருங்கள்: ஆதென்டிகேஷன் அல்காரிதம் எண் 2 ஆக இருக்கும், மொத்தம் நான்கு ஃபிரேம்களில் மாற்றம் முடியும், அதன்பின் இஏபி ஃபிரேம்கள் வராது.

மீதி 250-இல் பெரும்பங்கு ஸ்கேனாக இருக்கும். ரேடாரோடு பகிரும் டிஎஃப்எஸ் சேனல்களில் அதற்கான விதிகளால் வண்டி தானாகக் கேள்வி அனுப்ப முடியாது, பீக்கன் (ஏபி தன்னை அறிவிக்கும் ஃபிரேம்) வரும்வரை காத்திருக்க வேண்டும். பீக்கன் இடைவெளி 102.4 மில்லிவினாடி. ஆகவே ஒவ்வொரு சேனலுக்கும் 100-க்கு மேல். உங்கள் பகுதியின் விதி அனுமதித்தால் ஏபிக்களை 36, 40, 44, 48 ஆகிய நான்கிலேயே 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்து, வண்டியின் ஸ்கேன் பட்டியலையும் அந்த நான்கு அலைவரிசைகளோடு நிறுத்துங்கள்.

பின்னணி ஸ்கேன் மதிப்பில் பெரிய சிக்கல் இருக்கிறது. சிக்னல் -65 டிபிஎம்முக்குக் கீழே போனபின் 30 வினாடிக்கு ஒருமுறை ஸ்கேன் என்றால், அதற்குள் வண்டி 60 மீட்டர் போய்விடும். உங்கள் ஏபி இடைவெளியே 25 மீட்டர்தான். முதல் எண்ணை 3 ஆக்குங்கள். சிக்னல் எல்லையை டிரைவர் கண்காணித்துச் சொல்லும் வசதி எல்லா வைஃபை சிப்பிலும் கிடையாது. அது இல்லாவிட்டால் அந்த -65 பெயரளவுக்குத்தான் இருக்கும், எனவே பதிவில் சிக்னல் கண்காணிப்பு பற்றிய எச்சரிக்கை வருகிறதா என்று தேடுங்கள்.

புது ஏபி குறைந்தது 5 டெசிபல் மேலாக இருந்தால் மட்டும் தாவட்டும். அதற்குக் குறைத்தால் இரண்டு ஏபிக்கு நடுவே வண்டி முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும். ஏபியின் அனுப்பும் திறனையும் வண்டியின் திறனுக்கு இணையாக இறக்குங்கள். ஏபி 23 டிபிஎம், வண்டி 15 என்றால், வண்டிக்கு -65 ஆகக் கேட்கும் இடத்தில் ஏபிக்கு வண்டி -73 ஆகத்தான் கேட்கும். வண்டி எல்லாம் நன்றாக இருப்பதாக நினைக்கும், அனுப்பியது மட்டும் போய்ச் சேராது.

பாதைக்காரன்:

3 வினாடி விஷயத்துக்கு வருகிறேன். இடைவெளி உங்கள் நிலைச் செய்தியின் காலத்தைத் தாண்டாததற்குக் காரணம் சுவிட்ச். வண்டியின் மேக் முகவரி (வைஃபை கார்டின் வன்பொருள் முகவரி) பழைய போர்ட்டில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. வண்டியிலிருந்து ஒரு ஃபிரேம் புதுப் போர்ட் வழியாக வந்தால்தான் மாற்றிக்கொள்ளும். இரு திசையும் ஓடும்போது 20 மில்லிவினாடியில் அந்த ஃபிரேம் வந்துவிடுகிறது. கட்டளை மட்டும் வரும்போது அடுத்த நிலைச் செய்தி வரை காத்திருக்கிறது. வண்டி முழு அமைதியாக இருந்தால் மேக் அட்டவணையின் ஆயுள் முடியும் வரை, பல சுவிட்சுகளில் 300 வினாடி, பாக்கெட்டுகள் பழைய ஏபிக்கே போகும்.

வழக்கமாக ஹோஸ்ட்ஏபிடி இருக்கும் ஏபியே, வண்டி இணைந்ததும் வண்டியின் மேக்கை அனுப்புநராக வைத்து லேயர் 2 அப்டேட் என்ற ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேமை விடும். ஏபியின் ஈதர்நெட் போர்ட்டில் டிசிபிடம்ப் (பாக்கெட் பிடிக்கும் கருவி) வைத்து அது வருகிறதா, சரியான விலேன் (ஒரே கம்பியில் பிரித்த தனி வலையமைப்பு) குறியோடு வருகிறதா என்று பாருங்கள். விலேன் பிரிட்ஜ் அமைப்பு தவறாக இருந்தால் அந்த ஃபிரேம் வேறு விலேனில் போய்விடும், சுவிட்ச் எதையும் கற்காது. அது வந்தும் பயனில்லை என்றால் சுவிட்சில் போர்ட் செக்யூரிட்டி ஸ்டிக்கியாக, அதாவது ஒரு மேக்கை ஒரே போர்ட்டில் பூட்டும்படி, வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகரும் கருவிகள் இருக்கும் போர்ட்டில் அது கூடவே கூடாது. கூடுதல் காப்பாக, புது ஏபியோடு இணைந்துவிட்ட நிகழ்வு வந்தவுடன் வண்டியே ஒரு தன்னறிவிப்பு ஏஆர்பி (தன் முகவரியைத் தானே அறிவிக்கும் செய்தி) அனுப்பும்படி சிறு ஸ்கிரிப்ட் எழுதிவையுங்கள்.

சப்நெட் தாண்டுவது வேறு கதை. அங்கே டிஹெச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) புது முகவரி தருகிறது, சர்வர் பழைய முகவரிக்கே அனுப்புகிறது. வண்டிகள் சில நூறுக்குள் இருந்தால், அவற்றுக்கென ஒரே விலேனைக் கட்டடம் முழுவதும் நீட்டிவிடுங்கள். உங்கள் நிலையில் நான் இதைத்தான் செய்வேன்.

நீட்ட முடியாத இடத்தில் முகவரியை மாற்றாமல், வண்டி இணைந்த பக்கத்து ரவுட்டர் அதன் /32 பாதையை (அந்த ஒரே முகவரிக்கான பாதையை) அறிவிக்கும்படி செய்யலாம். அப்போது ரவுட்டிங் புரோட்டோகாலின் தாமதங்கள் கணக்கில் வரும். ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் புரோட்டோகாலில் அதே எல்எஸ்ஏவை (பாதை அறிவிப்பை) மறுபடி உருவாக்க 5 வினாடி காத்திருக்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 2328-இன் விதி. வண்டி எல்லைக் கோட்டில் போய்த் திரும்பினால் இரண்டாவது மாற்றம் அதில் மாட்டும். இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகாலான உள் பிஜிபியிலும் அறிவிப்புகளுக்கு இடையே 5 வினாடி என்பதே ஆர்எஃப்சி 4271 பரிந்துரைக்கும் மதிப்பு. அதை 0 ஆக்குங்கள்.

கூடு:

மொபைல் ஐபிவி6 (வலையமைப்பு மாறினாலும் முகவரியைத் தக்கவைக்கும் முறை) பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: இயல்பு மதிப்புகளோடு போனால் நிலைமை இன்னும் மோசமாகும். முகவரி இரட்டிப்புச் சோதனைக்கே 1 வினாடி போகும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க, சோதனை முடியும் முன்பே முகவரியைப் பயன்படுத்தும் ஆப்டிமிஸ்டிக் டிஏடி, அதாவது ஆர்எஃப்சி 4429, லினக்ஸில் இருக்கிறது. ரவுட்டர் அறிவிப்பின் அதிகபட்ச இடைவெளி இயல்பாக 600 வினாடி. ஆர்எஃப்சி 6275 அதை 0.07 வினாடி வரை, குறைந்தபட்சத்தை 0.03 வரை இறக்க அனுமதிக்கிறது. வண்டியின் மென்பொருளைத் தொடவே கூடாது என்றால் பிராக்சி மொபைல் ஐபிவி6, ஆர்எஃப்சி 5213, பொருத்தம். ஆனால் ஐபிவி6 டனல் 40 பைட் தின்னும். 1500 பைட் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1460 ஆகும். பெரிய வீடியோ பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போனால் முதலில் அங்கே பாருங்கள்.

ஏபிக்கள் கம்பியில்லாமல் மெஷ்ஷாக இணைந்திருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. மெஷ் ரவுட்டிங் புரோட்டோகாலான ஓஎல்எஸ்ஆரின் ஹலோ (அண்டைக் கருவிகளுக்கான அறிவிப்பு) 2 வினாடிக்கு ஒருமுறை, பிடித்துவைக்கும் காலம் அதன் மூன்று மடங்கு; ஆக ஒரு இணைப்பு அறுந்தது தெரியவே 6 வினாடி. இன்னொரு மெஷ் புரோட்டோகாலான ஏஓடிவியில் 1 வினாடி ஹலோ இரண்டு தவறினால் போதும், ஆனால் புதுப் பாதையைத் தேட வெள்ளமாக வேண்டுகோள் பரவும். ஹலோவைக் குறைப்பதற்கு முன் வைஃபை அடுக்கு சொல்லும் அனுப்பல் தோல்வியை ரவுட்டிங் நிரலுக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அது ஹலோவைவிட வேகம், காற்றையும் நிரப்பாது. தாவல் எண்ணிக்கையை (வழியிலுள்ள இணைப்புகளின் எண்ணிக்கையை) வைத்துப் பாதை தேர்வதையும் விட்டுவிடுங்கள். நீண்ட, பலவீனமான இணைப்பையே அது விரும்பும். இடிஎக்ஸ் (ஒரு பாக்கெட் சேர எதிர்பார்க்கும் அனுப்பல் எண்ணிக்கை) போன்ற அளவீடு மறு அனுப்பலையும் கணக்கில் எடுக்கும்.

தடம்மாறி:

விலேனை நீட்ட முடியும், அதையே செய்கிறேன். இவை எல்லாம் சரியானபின்னும் 50 மில்லிவினாடி கூட நிற்கக்கூடாத கட்டளை ஒன்று இருந்தால்?

பாதைக்காரன்:

ஒரே ரேடியோவில் அதற்கு உறுதி தர முடியாது. வண்டியில் இரண்டு ரேடியோ வையுங்கள், இரண்டும் வெவ்வேறு ஏபியோடு இணைந்திருக்கட்டும். ஒவ்வொரு பாக்கெட்டும் இரு வழியிலும் போக, பெறும் பக்கம் இரண்டாவதை எறிந்துவிடும். ஐஇசி 62439-3 தரநிலையில் உள்ள பிஆர்பி (இணை வழி நகல் புரோட்டோகால்) செய்வது இதைத்தான். அது ஃபிரேமின் முடிவில் 6 பைட் சேர்க்கும், வழியிலுள்ள எல்லாக் கருவிகளும் அதைக் கடத்த வேண்டும். இரண்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் தாவாதபடி நிரலில் ஒரு பூட்டு வையுங்கள்: ஒன்று மாறி முடிந்து டேட்டா ஓடத் தொடங்கிய பிறகே மற்றது ஸ்கேன் செய்யலாம். ஆன்டெனாக்களை வண்டியின் இரு முனைகளில் வைத்து, சேனல்களை அடுத்தடுத்து வராமல் தள்ளி வையுங்கள், 36-உம் 48-உம் போல. பக்கத்துச் சேனலில் ஒன்று அனுப்பும்போது மற்றொன்றின் காது அடைத்துப்போகும், பிறகு இரண்டு ரேடியோ வைத்தும் பயனிருக்காது.