காந்த அடி: தூண்டல் அடுப்புக்கு உரிய பாத்திரத்தை என்னவென்று சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இண்டக்ஷன் அடுப்பைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நம் சொல்லாக்கக் குழுவில் ஒரு வாரமாகப் பேசி வருகிறோம். என் வீட்டில் குழப்பம் வந்தது பாத்திரத்தின் பெயரால்தான். ஆகவே இந்த மடல் பாத்திரத்துக்காக.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். சென்ற மாதம் ஒரு பாத்திரக் கடையில் கனமான பால் பாத்திரம் ஒன்றை எடுத்து, இண்டக்ஷனில் வைக்கலாமா என்று கேட்டேன். "எவர்சில்வர்தானே, தாராளமாக வைக்கலாம்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து வைத்தால், அடுப்பு கீச் கீச்சென்று கத்தி அணைந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. நாம் எவர்சில்வர் என்று ஒரே பெயரில் அழைப்பது ஒரே உலோகம் அன்று என்பதுதான் சிக்கல்.

எவர்சில்வர் என்பது எளிதில் துருவேறாத எஃகு. அதில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த 304 என்ற வகையில் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430 வகையில் நன்றாக ஒட்டும். இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும், இரண்டிலும் எளிதில் துரு ஏறாது. கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுப்புக்கு இது ஏன் முக்கியம்? கண்ணாடித் தட்டின் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறுவது. அடுப்பு அதை 20,000 சுற்றுக்கும் மேலாக்கிச் சுருளில் ஓட விடுகிறது. சுருளைச் சுற்றிலும் காந்தப்புலம் விடாமல் மாறுகிறது. அதனால் மேலே இருக்கும் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. காந்தம் பற்றும் உலோகத்தில் அந்த மின்னோட்டம் மேல்தோல் போன்ற மெல்லிய அடுக்குக்குள் நெருக்குண்டு ஓடுகிறது. அந்த நெருக்கத்தில் தடை கூடி, உலோகம் சுடுகிறது. அலுமினியத்திலும் செம்பிலும் மின்னோட்டத்துக்கு அவ்வளவு தடை இல்லை, சூடும் போதாது. அதனால்தான் எங்கள் வெண்கல உருளியும் பழைய அலுமினியக் குக்கரும் இந்த அடுப்பில் வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன.

அடுப்பின் பெயரைப் பற்றி என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'மின்னடுப்பு' என்பது கம்பி சிவக்கும் பழைய அடுப்புக்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'காந்த அடுப்பு' என்றால் உள்ளே காந்தக்கட்டி இருப்பதாக நினைப்பார்கள். பாடநூல்களில் நிலைத்துவிட்ட தூண்டலை எடுத்துத் 'தூண்டல் அடுப்பு' என்பதே பொருத்தம். விளக்குத் திரியைத் தூண்டுவதற்குத் தூண்டுகோல் வைத்திருந்தவர்கள் நாம். இந்த அடுப்பும் தான் எரியாமல், பாத்திரத்துக்குள்ளேயே சூட்டைத் தூண்டிவிடுகிறது. நெருப்பில்லாததை அடுப்பு எனலாமா என்று கேட்டவருக்கு: அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அடுக்களையும் அந்த வேரில் பிறந்தவை. மலையாளத்திலும் இவ்விரண்டு சொற்களும் அப்படியே உண்டு.

இனி பாத்திரம். 'தூண்டல் இணக்கப் பாத்திரம்' என்றார் ஒருவர். பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் எதைச் சோதிப்பது? 'இரும்படிப் பாத்திரம்' என்றார் இன்னொருவர். 304 வகையிலும் பெரும்பகுதி இரும்புதான், காந்தம் ஒட்டாதே! நான் முன்வைப்பது 'காந்த அடிப் பாத்திரம்'. சுருக்கமாகக் 'காந்த அடி'. வாங்குகிறவர் செய்ய வேண்டிய சோதனை சொல்லிலேயே இருக்கிறது.

இதில் அடி என்ற பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பல பாத்திரங்களில் உடல் 304 வகையாகவும், அடியில் பதித்த தகடு 430 வகையாகவும் இருக்கும். பக்கவாட்டில் காந்தம் வைத்துப் பார்ப்பவர் நல்ல பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபுறம், 304 வகைத் தகட்டை அழுத்தி வளைத்த விளிம்பில் காந்தம் லேசாகப் பற்றும். அதை நம்பி வாங்கினால் என் கதைதான். கவிழ்த்து, அடியில் வைத்துப் பாருங்கள். இறுகப் பிடிக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

ஐயா, வணக்கம். பொள்ளாச்சியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உங்கள் சொல் பிடித்திருக்கிறது, இரண்டு தடைகள் உண்டு. காந்த அடி என்றதும் என் மாமியார் அடிக்காந்தல் என்று கேட்டுக்கொண்டார். சோறு தீய்ந்ததா என்றார். அடுத்தது, எங்கள் வீட்டு இரும்பு வாணலியில் காந்தம் ஒட்டுகிறது. ஆனால் அடி உருண்டை. தூண்டல் அடுப்பில் உட்காரவே மாட்டேன் என்கிறது. அதுவும் காந்த அடிதானா?

---

அம்மா, உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காந்துதல் என்றால் தமிழில் சுடுதல், எரிதல். வயிறு காந்துகிறது என்கிறோம். சூடேறும் அடிக்குக் காந்தம் என்ற ஒலி வந்து அமைந்தது எனக்குத் தடையாகத் தோன்றவில்லை. அடிக்காந்தலில் சொற்களின் வரிசை வேறு. வழங்கத் தொடங்கினால் காது பிரித்துக்கொள்ளும். சேர்த்துக் 'காந்தவடி' என்று மட்டும் எழுத வேண்டாம், சோறு வடிப்பது நடுவில் வந்து நிற்கும்.

இரண்டாவது தடையை முழுமையாக ஏற்கிறேன். அடி கண்ணாடியோடு படியாவிட்டால் புலம் அடியைச் சரியாகச் சென்று சேராது. பல அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று முடிவுசெய்து நின்றுவிடும். விரிந்த விளக்கத்தில் 'தட்டைக் காந்த அடி' என்று எழுதுவோம். தோசைக்கல்லை எடுத்துக்கொண்டால், கைப்பிடியோ அடி வளையமோ தூக்கி நிறுத்தாத தட்டைக் கல் மிக நன்றாக வேலை செய்கிறது. பாத்திரம் மிகச் சிறியதாக இருந்தாலும் அடுப்பு ஏற்காது. அடியின் குறுக்களவு ஏறக்குறைய 12 சென்டிமீட்டராவது வேண்டும் என்று எங்கள் அடுப்பின் குறிப்பேடு சொல்கிறது. காபிக்குப் பால் காய்ச்சும் குட்டிக் கிண்ணங்களை நினைத்து இதைச் சொல்கிறேன்.

நேற்று அதே கடைக்குப் போய்க் "காந்த அடி உள்ளது வேண்டும்" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றை எடுத்துவந்து, ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துப் பார்த்தார். மலையாளத்திலும் காந்தம் காந்தம்தான் என்பதால் பக்கத்தில் நின்றிருந்த மலையாளி அம்மையாரும் தம் குக்கரைக் கவிழ்த்து நீட்டினார்.

இன்னொரு பொருளுக்குச் சொல் வேண்டியிருக்கிறது. உருளியையும் மண்சட்டியையும் விட மனமில்லாதவர்கள் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே வைக்கும் இரும்புத் தட்டு. சூடு முதலில் தட்டில் ஏறி, பிறகே பாத்திரத்துக்குப் போவதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். தட்டின் சூடு கண்ணாடிக்கும் இறங்கும். அதற்கு 'இடைத்தட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.