பீனட்ஸ் பிள்ளைகளுக்கு வயது ஏறியதா, இல்லையா?

நாலுகட்டம்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "சார்லஸ் ஷுல்ஸ் 50 வருடம் பீனட்ஸ் என்ற காமிக் ஸ்ட்ரிப்பை, அதாவது பத்திரிகைச் சித்திரத் தொடரை வரைந்தார், அதில் ஒரு பிள்ளைக்கும் ஒரு நாள்கூட வயது ஏறவில்லை" என்கிறார். அதை ஆமோதித்து ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. அதில் வரும் ஷ்ரோடர் என்ற பையனைப் பாருங்கள். 1951 மே மாதம் வரும்போது அவன் கைக்குழந்தை. பின்னால் தொடரின் நாயகன் சார்லி பிரவுனின் பேஸ்பால் அணியில் கேட்சராக நிற்கிறான். வளராமல் எப்படி நிற்பான்?

பழையபேப்பர்:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று மறைத்துச் சொல்ல வேண்டாம், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி 13 வரை சார்லி பிரவுன் அதே ஜிக்ஜாக் கோடு போட்ட சட்டைதான், பட்டம் அதே மரத்தில்தான் மாட்டுகிறது. அதில் எவனாவது மீசை முளைத்து வேலைக்குப் போனானா? உங்கள் ஷ்ரோடர் கதைக்கு வருவோம். மே மாதம் கைக்குழந்தை, செப்டம்பரில் பியானோ வாசிக்கிறான். நாலே மாதம். அதற்குப் பெயர் வளர்ச்சியா? கார்ட்டூனிஸ்டுக்கு ஒரு ஜோக் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நாலுகட்டம்:
முதலில் சட்டை. முதல் ஸ்ட்ரிப்பில் அவன் போட்டிருப்பது வெறும் சட்டை. ஜிக்ஜாக் கோடு 1950 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. அதுகூடத் தெரியாமல் 50 வருடத்துக்கும் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

அப்புறம் வயது. 1950 நவம்பரில் சார்லி பிரவுன் தனக்கு நாலு வயது என்று தானே சொல்கிறான். 1957இல் ஆறு. 1979இல் எட்டரை. ஷுல்ஸ் எழுதிய எண்கள் இவை, என் கற்பனை இல்லை.

லூசி 1952 மார்ச்சில் வந்தாள். அப்போது அவள் கண்கள் முழு வட்டமாக, பொம்மைக்கு வரைவது போல இருக்கும். சார்லி பிரவுனைவிடச் சின்னவள். பிறகு அவனுக்கே ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு மனநல ஆலோசனை சொல்கிறாள். அவள் தம்பி லைனஸ் அதே வருடம் செப்டம்பரில் வந்த பேச்சு வராத குழந்தை. அவன்தான் பிறகு பைபிள் வசனம் ஒப்பிக்கிறான். சாலி 1959 மே மாதம் பிறந்தாள். அன்று சார்லி பிரவுன் தலைகால் புரியாமல் "நான் அப்பா ஆகிவிட்டேன்" என்று கத்தி, பிறகு "இல்லை, அப்பாதான் அப்பா, நான் அண்ணன்" என்று திருத்திக்கொண்டு ஓடுகிறான். அந்தக் குழந்தை பிறகு பள்ளிக்கூடம் போய் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டுகிறது. தொட்டிலில் கிடந்த பிள்ளை வளராமல் பள்ளிக்கூடம் போய்விடுமா?

பழையபேப்பர்:
ஏழு வருடத்தில் இரண்டு வயது. அடுத்த 22 வருடத்தில் இரண்டரை வயது. இதைத்தான் வயதே ஏறவில்லை என்றேன். கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்ததற்கு நன்றி. ஷ்ரோடர் நாலே மாதத்தில் பியானோ வாசித்தது எப்படி? அதற்கு மட்டும் பதில் இல்லை.

திண்ணைவாசி:
இரண்டு பேரும் ஷெர்மியை மறந்துவிட்டீர்கள். முதல் ஸ்ட்ரிப்பில் பேசுவதே அவன்தான். சார்லி பிரவுன் சிரித்தபடி நடந்து போகிறான், ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஷெர்மியின் பக்கத்தில் பட்டி என்ற சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். "நல்ல பிள்ளை சார்லி பிரவுன்" என்று புகழ்ந்துகொண்டே வந்த ஷெர்மி, கடைசிக் கட்டத்தில் "அவனைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது" என்கிறான். தொடருக்கே குரல் கொடுத்த பையன் அவன். 1969க்குப் பிறகு ஸ்ட்ரிப்பில் ஆளே இல்லை. அவனுக்காக ஒருவரும் பேசுவதில்லை.

வயலட்பக்கம்:
ஷெர்மிக்காவது அந்த மரியாதை. தொடரில் வரும் சிறுமி வயலட்டுக்கு? சார்லி பிரவுன் உதைக்க வரும்போது பந்தை இழுக்கும் வேலை லூசியினுடையது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். முதலில் பந்தைப் பிடித்தவள் வயலட், 1951 நவம்பரில். கையில் உதைத்துவிடுவானோ என்று பயந்து விட்டுவிட்டாள். லூசி செய்தது அடுத்த வருடம். பயத்துக்கும் குறும்புக்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரியாதவர்கள் வயதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

நாலுகட்டம்:
வயலட் பற்றித் தனி இழை போடுங்கள். இங்கே பேச்சு ஷ்ரோடர்.

நாலு மாதம், நாலு மாதம் என்கிறீர்களே, அந்த செப்டம்பர் ஸ்ட்ரிப்பை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? அது பொம்மைப் பியானோ. அதன் கறுப்புக் கட்டைகள் வெறும் பெயின்ட். பெயின்ட் அடித்த கட்டையில் பீத்தோவன் வாசிக்கிறான் என்பதுதான் விஷயமே. அவன் மேதை. மேதைக் குழந்தை நாலு மாதத்தில் வாசித்தால் என்ன குறைந்துவிட்டது? அதன் பிறகும் அவன் வளர்ந்தான்.

பழையபேப்பர்:
மேதை என்றால் மாதக்கணக்கு செல்லாதா? போன மாதம் டென்னிஸ் இழையிலும் இதையேதான் செய்தீர்கள். பதில் இல்லாதபோது ஆளை மேதையாக்கிவிடுவது.

நாலுகட்டம்:
டென்னிஸ் இழையில் பாதியில் எழுந்து போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரீரனையும் கேளுங்கள். லூசி, லைனஸின் தம்பி. 1972இல் பிறந்தான், 1973 முதல் அம்மாவின் சைக்கிள் பின் இருக்கையில் உட்கார்ந்து பயந்துகொண்டே போனான். 1990களில் பாலர் வகுப்புக்கு வந்துவிட்டான். சைக்கிளிலிருந்து வகுப்பறைக்கு வந்தவனைப் பார்த்து வளரவில்லை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

மூன்றாம்பெஞ்ச்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வயதை விடுங்கள், பிராங்க்ளினைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், லாஸ் ஏஞ்சலிஸ் ஆசிரியை ஹாரியட் கிளிக்மன், ஒரு கறுப்பினக் குழந்தையைச் சேர்க்கும்படி ஷுல்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 31 அன்று கடற்கரையில் சார்லி பிரவுனின் பந்தை எடுத்துக்கொண்டு பிராங்க்ளின் வந்துவிட்டான். எனக்கு இந்தத் தொடரில் அதைவிடப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் 1973 நன்றி நவிலல் நாள் படத்தில் அவனை மேசையின் ஒரு பக்கம் தனியாக உட்கார வைத்ததை இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

திண்ணைவாசி:
அது டிவி படம். இங்கே பேசுவது பத்திரிகையில் வந்த ஸ்ட்ரிப்.

மூன்றாம்பெஞ்ச்:
டிவி என்றால் தனியாக உட்கார வைத்தது சரியாகிவிடுமா?

திண்ணைவாசி:
சரி என்று நான் எங்கே சொன்னேன்? ஷெர்மியைப் பற்றிக் கேட்டதற்கு ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை, அதையும் கவனியுங்கள்.

பழையபேப்பர்:
நாலுகட்டம், உங்கள் பட்டியலை முழுக்கப் படித்தேன். லூசி, லைனஸ், ஷ்ரோடர், சாலி, ரீரன். ஐந்து பேருமே குழந்தையாக வந்து, மற்றவர்கள் நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். ஒருவராவது அதைத் தாண்டினார்களா?

நாலுகட்டம்:
வந்து சேர்ந்தார்கள் இல்லையா? வந்து சேர்ந்தால் வளர்ந்ததுதானே? "ஒரு நாள்கூட ஏறவில்லை" என்று எழுதியது நீங்கள். அந்த வரியைத் திருத்துங்கள், நான் போய்விடுகிறேன். பதின்மூன்று வயதிலிருந்து இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். அவர்கள் பிறந்த தேதிகூடத் தெரியாதவர் அவர்களைக் கல்லுப் பொம்மை என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

பழையபேப்பர்:
கல்லுப் பொம்மை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. திருத்தவும் மாட்டேன்.

வயலட்பக்கம்:
தனி இழை போட்டுவிட்டேன். இதுவரை ஒருவரும் வரவில்லை.

நாலுகட்டம்:
நாளைக்கு ஷ்ரோடர் வரும் ஸ்ட்ரிப்புகளை 1951 மே முதல் தேதிவாரியாக எழுதுகிறேன். அப்போது பார்க்கலாம்.

பழையபேப்பர்:
எழுதுங்கள். மே முதல் செப்டம்பர் வரை எத்தனை மாதம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.