சூடேறிய பிறகு அணைய மறுக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே: பழுது ரிலேயிலா, பொருத்திய விதத்திலா?

உலைப்பணி (கேள்வி):

வணக்கம். வண்ணம் பூசிய உலோகத் துண்டுகளை உலர்த்தும் மின் அடுப்பு ஒன்றைப் பராமரித்து வருகிறேன். 230 வோல்ட் சிங்கிள் பேஸில் இயங்கும் 4 கிலோவாட் ஹீட்டர், வெப்பநிலையை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள், அதைப் பார்த்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் பிஐடி கன்ட்ரோலர், மேலே 25 ஆம்பியர் என்று அச்சிட்ட சாலிட் ஸ்டேட் ரிலே (கன்ட்ரோலரின் சிறு மின்சாரத்தைக் கொண்டு ஹீட்டரை இணைத்துத் துண்டிக்கும் மின்னணுச் சுவிட்ச்) ஆகியவை இதில் இருக்கின்றன. 120 டிகிரி செல்சியஸ் என்று வைத்து அடுப்பைப் போட்டால், முதல் அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அதற்குப் பிறகு கன்ட்ரோலரின் அவுட்புட் விளக்கு அணைந்தாலும் ஹீட்டர் அணைவதில்லை. வெப்பநிலை 150 டிகிரியைத் தாண்டும்போது மெயின் சுவிட்சை நானே அணைக்க வேண்டியிருக்கிறது. சற்று நேரம் ஆறவிட்டு மறுபடியும் போட்டால், பழுதே இல்லாதது போல் வேலை செய்கிறது.

ரிலேதான் கெட்டுவிட்டது என்று எண்ணி, அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கி, பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதித்தேன். இன்புட்டில் 9 வோல்ட் பேட்டரியைக் கொடுத்து, அவுட்புட் முனைகளில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தபோது எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்து 12 வோல்ட் பேட்டரியையும் ஒரு வாகன விளக்கையும் அவுட்புட்டில் இணைத்தேன். விளக்கு எரிந்தது, ஆனால் இன்புட்டைக் கழற்றிய பிறகும் அணையவில்லை. கடைசியாக மெயின் மின்சாரத்தில் இணைத்து, ஹீட்டரை இணைக்காமல், இன்புட்டும் கொடுக்காமல் அளந்தபோது, ரிலேக்கு அப்பாலுள்ள முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறக்குறைய முழு 230 வோல்ட் காட்டியது. அப்படியானால் புதிய ரிலேயும் பழுதானதா? இந்த வகை ரிலேயைச் சோதிக்கும் சரியான முறை எது?

திறன்மின்னணு:

வணக்கம். நீங்கள் செய்த மூன்று சோதனைகளிலும் கிடைத்த முடிவுகள் நல்ல நிலையில் உள்ள ரிலேயிலும் அப்படியேதான் கிடைக்கும். ஆகவே புதிய ரிலேயை ஒதுக்கிவிட வேண்டாம்.

சாதாரண ரிலேயில் இருப்பது போன்ற உலோகத் தொடுமுனை இதில் இல்லை. இன்புட்டில் மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஒரு சிறிய எல்இடி ஒளிர்கிறது. அந்த ஒளியைப் பெறும் சுற்று, அவுட்புட்டில் உள்ள டிரையாக்கையோ, எதிரெதிராக இணைத்த இரண்டு எஸ்சிஆர்களையோ (இரண்டுமே சிலிக்கானால் ஆன சுவிட்சுகள்) தூண்டுகிறது. அவற்றைக் கடத்தும் நிலைக்குக் கொண்டுவர ஓரளவு மின்னழுத்தமும் மின்னோட்டமும் தேவை. மல்டிமீட்டரின் ஓம் அளவில் இவை இரண்டும் மிகக் குறைவு என்பதால், இன்புட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மீட்டர் ஒரே அளவையே காட்டும். ஓம் அளவினால் கிடைக்கும் ஒரே பயன், அவுட்புட் முற்றிலும் ஷார்ட் ஆகியிருந்தால் அதைத் தெரிந்துகொள்ள முடியும் என்பதுதான்.

பேட்டரியில் விளக்கு அணையாததற்குக் காரணம் வேறு. டிரையாக்கும் எஸ்சிஆரும் ஒருமுறை கடத்தத் தொடங்கினால், தம் வழியே ஓடும் மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் வரை கடத்திக்கொண்டே இருக்கும். ஏசியில் ஒவ்வோர் அரைச் சுற்றின் முடிவிலும் மின்னோட்டம் சுழியத்தைத் தொடுவதால் அவை தாமாக அணைகின்றன. டிசியில் அந்தச் சுழியம் வருவதே இல்லை. டிசி சோலனாய்டு, டிசி மோட்டார் போன்றவற்றுக்கு, அவுட்புட்டில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் உள்ள டிசி வகை ரிலேயைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது சோதனையில் நீங்கள் கண்டது கசிவு மின்னோட்டம். அவுட்புட்டுக்குக் குறுக்கே உள்ளேயே ஒரு மின்தடையும் கெப்பாசிட்டரும் கொண்ட ஸ்னப்பர் (மின்னழுத்தத்தின் திடீர் எழுச்சியை அடக்கும் சுற்று) பல ரிலேக்களில் இருக்கும். அணைந்த நிலையிலும் அதன் வழியே சில மில்லி ஆம்பியர் ஓடும். உங்கள் மீட்டரின் உள்மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் ஆக இருக்கும் என்பதால், அந்தச் சிறு கசிவே முழு மின்னழுத்தத்தையும் காட்டப் போதுமானது. ஹீட்டரை இணைத்துவிட்டால் அதன் மின்தடை சுமார் 13 ஓம்தான். 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் ஹீட்டருக்குக் குறுக்கே 0.1 வோல்ட்கூட வராது. ஆனால் இதே காரணத்தால், இந்த ரிலே அணைந்திருப்பதை நம்பி எவரும் ஹீட்டர் முனைகளைத் தொடக் கூடாது. மெயின் ஐசொலேட்டரை அணைத்து, மீட்டரால் உறுதி செய்த பிறகே கைவைக்க வேண்டும்.

மேசையில் சோதிக்க விரும்பினால், 60 அல்லது 100 வாட் இழை விளக்கை அவுட்புட்டில் தொடராக இணைத்து, மெயின் மின்சாரத்தில், தக்க ஃபியூஸுடன் சோதியுங்கள். இன்புட் கொடுத்தால் விளக்கு முழு வெளிச்சத்துடன் எரிய வேண்டும். எடுத்தால் முற்றிலும் அணைய வேண்டும். அரை வெளிச்சத்தில் எரிந்தால் ஒரு திசையில் மட்டும் கடத்துகிறது என்று பொருள். எல்இடி விளக்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கசிவு மின்னோட்டத்திலேயே அது மங்கலாக ஒளிரக்கூடும்.

இனி உங்கள் அடுப்பின் பழுதுக்கு வருகிறேன். அடுத்த முறை வெப்பநிலை கட்டுக்கு மீறும்போது, மெயினை அணைப்பதற்கு முன் இரண்டை மட்டும் அளந்து எழுதுங்கள். ரிலேயின் இன்புட் முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் டிசி இருக்கிறது, ஹீட்டர் கம்பியில் கிளாம்ப் மீட்டர் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்பவைதாம் அவை. ரிலே எதன் மீது பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிவியுங்கள்.

உலைப்பணி:

விளக்கத்துக்கு மிக்க நன்றி. பழைய ரிலேயை மாற்றாமலேயே அளந்தேன். அவுட்புட் விளக்கு அணைந்திருந்தபோது இன்புட்டில் 0.1 வோல்ட் மட்டுமே இருந்தது, ஆனால் ஹீட்டர் கம்பியில் 17 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இன்புட் கம்பியைக் கழற்றிப் பார்த்தும் மின்னோட்டம் நிற்கவில்லை. ரிலே, பேனல் பெட்டியின் உட்புறத் தகட்டில் இரண்டு திருகாணிகளால் நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அது பெயின்ட் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புள்ள உலோகக் கட்டை) எதுவும் இல்லை. ரிலேயின் அடித்தட்டை ஒட்டித் தெர்மோகப்பிளை வைத்துப் பார்த்தபோது 108 டிகிரி காட்டியது.

கம்பிச்சுருள்:

25 ஆம்பியர் ரிலேயில் 17 ஆம்பியர் ஓடுவதால்தான் இவ்வளவு சூடேறுகிறது. 40 அல்லது 60 ஆம்பியர் ரிலேயை அதே இடத்தில் பொருத்தினால் ஹீட் சிங்க் இல்லாமலேயே சமாளித்துவிடலாம் என்பது என் கருத்து. இன்னும் பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், விலையில் பெரிய வேறுபாடு இருக்காது.

திறன்மின்னணு:

கம்பிச்சுருள் அவர்களின் ஆலோசனையில் பாதி சரி. பெரிய ரிலே நல்லதுதான். ஆனால் ஹீட் சிங்க் தேவையில்லை என்ற முடிவை ஏற்க இயலாது. இந்த இழையைப் படிக்கும் பலரும் அந்த இடத்தில்தான் தவறிவிடுவார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடத்தும் நிலையில் அவுட்புட்டுக்குக் குறுக்கே ஏறக்குறைய 1 முதல் 1.5 வோல்ட் வரை மின்னழுத்தம் விழுகிறது. சிலிக்கானின் இயல்பினால் வருவது இது, எவ்வளவு பெரிய ரிலேயிலும் இது சிறிதளவே குறையும். 4000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 17.4 ஆம்பியர். அதை 1.2 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 21 வாட். அடுப்பு சூடேறும் நேரம் முழுவதும் இந்த 21 வாட் வெப்பம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்குள் இடைவிடாமல் உண்டாகிறது. அது வெளியேறுவதற்கு இருக்கும் ஒரே வழி அடித்தட்டுதான். மேலே 25 என்று எழுதியிருந்தாலும் 60 என்று எழுதியிருந்தாலும், வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ அதேதான். உடலில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர், தயாரிப்பாளர் குறிப்பிடும் ஹீட் சிங்க்கில், அவர் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்பநிலையில் மட்டுமே பொருந்தும். ஹீட் சிங்க் இல்லாத நிலையில், 40 ஆம்பியர் ரிலேக்குக்கூடத் தரவுத்தாளின் டீரேட்டிங் வரைகோடு (வெப்பம் கூடக்கூட எத்தனை ஆம்பியர் வரை அனுமதி என்பதைக் காட்டுவது) பெரும்பாலும் சில ஆம்பியர்களையே அனுமதிக்கும்.

இப்போது உங்கள் அளவீட்டைப் பாருங்கள். அடித்தட்டு 108 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு அதைவிட 15 முதல் 20 டிகிரி கூடுதலாக இருக்கும். இத்தகைய சில்லுகளுக்குப் பொதுவாக 125 டிகிரிதான் எல்லை. அந்த எல்லையை நெருங்கும்போது மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் திறனைச் சில்லு இழக்கிறது. இன்புட் இல்லாமலேயே ஒவ்வோர் அரைச் சுற்றிலும் தானாகத் தூண்டப்பட்டுக் கடத்துகிறது. கடத்துவதால் மேலும் சூடேறுகிறது, சூடேறுவதால் கடத்தல் நிற்பதில்லை. ஆறியதும் திறன் திரும்பிவிடுவதால்தான் மறுபடியும் போடும்போது பழுதே இல்லாதது போல் தோன்றுகிறது. இப்படியே தொடர்ந்தால் ஒருநாள் நிலையாக ஷார்ட் ஆகிவிடும்.

பெட்டிக்குள் 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அடித்தட்டு 80 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், 30 டிகிரி உயர்வுக்குள் 21 வாட்டை வெளியேற்ற வேண்டும். அதாவது ஹீட் சிங்க்கின் வெப்பத்தடை வாட்டுக்கு 1.4 டிகிரிக்கும் குறைவாக இருக்க வேண்டும். வாட்டுக்கு 1 டிகிரி என்று குறிப்பிட்ட ஹீட் சிங்க்கை வாங்கினால் போதிய இடைவெளி கிடைக்கும். காற்று தானாக மேலெழும்பும்படி அதன் துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். பெட்டிக்குக் காற்றோட்டத் துளைகள் மேலும் கீழும் தேவை. ரிலேக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே தெர்மல் பேஸ்ட்டை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் அதுவே தடையாகிவிடும். இரண்டு திருகாணிகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் அடித்தட்டு சரிந்து நிற்காது. ஹீட் சிங்க்கை எர்த்துடன் இணைக்க மறவாதீர்கள். அவுட்புட் முனைத் திருகுகளையும் பாருங்கள். தளர்ந்த முனை சில்லின் வெப்பத்தோடு தன் வெப்பத்தையும் சேர்க்கும், கம்பியின் உறை நிறம் மாறியிருப்பது அதற்கு அடையாளம்.

ரிலேயை 40 ஆம்பியராக மாற்றுங்கள் என்று நானும் சொல்வேன். காரணம், கணநேர மின்னோட்டத்தைத் தாங்கும் திறன் அதில் கூடுதல். ஆனால் தரவுத்தாள் உள்ளதாக வாங்குங்கள். பெயர்பெற்ற ரிலேக்களின் போலிகள் ஏராளமாக உலவுகின்றன. மேலே 40 என்று அச்சிட்டு, உள்ளே 16 ஆம்பியர் டிரையாக் ஒன்றை வைத்திருப்பவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். டீரேட்டிங் வரைகோடும், ஒரு சுற்றுக்குத் தாங்கும் மின்னோட்டமும் வெளியிடப்படாத ரிலேயை ஹீட்டர் வேலைக்கு நம்ப முடியாது.

பழுதுநீக்கி:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் இதில் ஒரு பாதுகாப்புக் குறை இருக்கிறது, அதை இப்போதே சரிசெய்ய வேண்டும். சாலிட் ஸ்டேட் ரிலே பழுதாகும்போது பெரும்பாலும் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு நல்ல ஹீட் சிங்க்கைப் பொருத்தினாலும் இந்த இயல்பு மாறாது. உலைப்பணி அவர்களின் அடுப்பில், கட்டுக்கு மீறிய வெப்பத்துக்கும் தீக்கும் இடையே நிற்பது அவர் ஒருவரின் கவனம் மட்டுமே. வண்ணப்பூச்சு உலரும் அடுப்பில் எளிதில் தீப்பற்றும் ஆவியும் இருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ரிலேக்கு முன்னால் தொடராக ஒரு கான்டாக்டரை (உலோகத் தொடுமுனைகள் கொண்ட மின்காந்தச் சுவிட்சை) பொருத்துங்கள். அதன் மின்காந்தச் சுருள், அடுப்பினுள் தனி உணரியுடன் இருக்கும் ஓவர்டெம்பரேச்சர் தெர்மோஸ்டாட் வழியாக மின்சாரம் பெற வேண்டும். கன்ட்ரோலரிலுள்ள அலாரம் தொடுமுனையை மட்டும் இதற்குப் பயன்படுத்துவது போதாது. தெர்மோகப்பிள் தன் இடத்திலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டால், கன்ட்ரோலரும் அலாரமும் ஒரே தவறான அளவையே நம்பிக்கொண்டிருக்கும். கான்டாக்டர் அன்றாடம் சுமையுடன் திறந்து மூட வேண்டியதில்லை என்பதால் நெடுநாள் உழைக்கும்.

உலைப்பணி:

அறிவுரைப்படி 40 ஆம்பியர் ரிலே, வாட்டுக்கு 1 டிகிரி ஹீட் சிங்க், கான்டாக்டர், தனித் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பொருத்திவிட்டேன். பெட்டிக்குள் 42 டிகிரி இருக்கும்போது ரிலேயின் அடித்தட்டு 66 டிகிரியில் நிலைத்து நிற்கிறது. அடுப்பு நாள் முழுவதும் 120 டிகிரியை விட்டு விலகவில்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. சுற்றில் 32 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகும்போது தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது, அது ரிலேயைக் காக்குமா? இதே வகை ரிலேயால் இன்னொரு இயந்திரத்தின் டிரான்ஸ்ஃபார்மரையும் இயக்கலாமா?

திறன்மின்னணு:

எம்சிபி கம்பியைக் காக்கும், ரிலேயைக் காக்காது. ஹீட்டர் உள்ளே உடைந்து ஷார்ட் ஆனால், எம்சிபி விழுவதற்குள் சில்லு உருகிவிடும். ரிலேயின் தரவுத்தாளில் ஆம்பியரின் வர்க்கத்தை நொடியால் பெருக்கிய அளவு ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். உச்ச அளவில் 250 ஆம்பியரை 10 மில்லி நொடி நீளும் ஓர் அரைச் சுற்றுக்குத் தாங்கும் ரிலேக்கு அது ஏறத்தாழ 300. அந்த அளவைவிடக் குறைந்த ஆற்றலை மட்டுமே கடத்திவிட்டு அறுந்துபோகும் அதிவேக செமிகண்டக்டர் ஃபியூஸை ரிலேக்கு முன் தொடராகப் பொருத்துங்கள். எம்சிபியும் இருக்கட்டும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்த ரிலே வேண்டாம். ஹீட்டருக்கென விற்கப்படுபவை பெரும்பாலும் ஜீரோ கிராசிங் வகை, அதாவது மின்னழுத்தம் சுழியத்தைக் கடக்கும் தருணத்தில் மட்டுமே இணைப்பவை. ஹீட்டருக்கு அதுவே சிறந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கோ அதுவே மிகக் கெட்ட தருணம். அதன் இரும்பு மையத்தில் காந்தப்புலம் எல்லை மீறி நிறைந்து, தொடக்க மின்னோட்டம் பலமடங்கு எழும். அங்கு, சுழியத்துக்குக் காத்திராமல் உடனே இணைக்கும் ரேண்டம் டர்ன் ஆன் வகையைத் தேர்ந்தெடுத்து, தொடக்க மின்னோட்டத்தைத் தரவுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் பிஐடி கன்ட்ரோலரின் சைக்கிள் நேரம் (ஹீட்டரை ஒருமுறை போட்டு அணைக்கும் சுற்றின் நீளம்) எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஹீட்டரைக் கான்டாக்டரால் இயக்கும் அடுப்புகளுக்கு ஏற்ற 20 நொடியாக அது இருந்தால் அதை 2 நொடியாகக் குறைக்கலாம். வெப்பநிலை இன்னும் சீராக நிற்கும்.

பழுதுநீக்கி:

தெர்மோஸ்டாட்டை 120 டிகிரிக்கு மேல் 15 அல்லது 20 டிகிரியில் வைத்து, கையால் மீட்டமைக்கும் வகையாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். தானாக மீளும் வகையாக இருந்தால், ரிலே ஷார்ட் ஆன பிறகும் அடுப்பு அந்த உயர்ந்த வெப்பநிலையிலேயே ஏறி இறங்கிக்கொண்டு ஓடும், பழுது யார் கண்ணிலும் படாது. மாதம் ஒருமுறை அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே தெர்மோஸ்டாட்டின் அளவை 110 டிகிரிக்கு இறக்கி, கான்டாக்டர் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு பழைய அளவுக்கே ஏற்றிவைத்து, அதைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.