காந்தம் வெடித்ததா, இணைப்பு உருகியதா?

ஈரோட்டு இயற்பியல் ஆசிரியர்: செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில், அதாவது புரோட்டான்களை எதிரெதிரே மோதவிடும் வளையப் பொறியில், 2008 செப்டம்பர் 10 அன்று முதல் புரோட்டான் கற்றை சுற்றி வந்தது, 19ஆம் தேதியே கற்றையை வளைக்கும் காந்தம் வெடித்து, ஓராண்டுக்கு மேல் எல்லாம் நின்றுபோனது. காந்தத்தை ஒழுங்காகச் செய்யாததன் விளைவு என்றே வகுப்பில் சொல்லி வருகிறேன்.

சிங்காநல்லூர் வைண்டிங்காரர்: வாத்தியாரய்யா, பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லாதீர்கள். பழுதானது காந்தமன்று, இரு காந்தங்களுக்கு நடுவிலிருந்த மின் இணைப்பு. தடையே இல்லாததுபோல் இருக்கவேண்டிய அந்த இணைப்பு, 8,700 ஆம்பியர் பாய்ந்தபோது சூடேறி உருகியது; அங்கே இடைவெளியில் தாவி எழுந்த மின்பொறி, அதாவது மின்வில், காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் கலத்தைத் துளைத்தது. எரிந்து வரும் பம்பு மோட்டாரை நான் தினமும் பிரிக்கிறேன். பல நேரம் சுருள் புதிதுபோல் இருக்கும். லீடு சேர்த்த இடத்தில் மட்டும் ஸ்லீவ் கருகி, செம்பு கறுத்து, விரல் பட்டாலே உதிரும்.

ஆசிரியர்: அப்படியானால் 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து வெளியே எடுத்தது ஏன்? பட்டறை அனுபவம் பாடநூலாகிவிடாது.

வைண்டிங்காரர்: சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறிய அழுத்தத்தில் காந்தங்கள் தாங்கிகளைவிட்டு நகர்ந்தன, ஆகவே எடுத்தார்கள். அடிபட்டதையே குற்றவாளி ஆக்குகிறீர்கள். தடையின்றி மின்சாரம் கடத்தும் மீக்கடத்தியைப் பற்றி வைண்டிங்காரனுக்கு என்ன தெரியும் என்று போன மாதம் நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: இணைப்பு.

பொள்ளாச்சி முதுநிலை மாணவி: இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பழுது நீக்கிய பிறகும் 2010 மார்ச் 30 அன்று கற்றைக்கு 3.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் (துகள் ஆற்றலின் அலகு) அளவில்தான் மோதவிட்டார்கள். 7க்கு வடிவமைத்த பொறியைப் பயந்து பயந்து பாதியில் ஓட்டியது அறிவியலுக்கு இழப்பு.

வைண்டிங்காரர்: அதைப் பயம் என்று சொல்லாதீர்கள், அம்மிணி. 27 கிலோமீட்டர் வளையத்தில் அப்படிப்பட்ட இணைப்புகள் ஏறக்குறைய 10,000. அவற்றை வலுப்படுத்தாமல் முழு ஆற்றலுக்குப் போவதுதான் பொறுப்பின்மை. 2013இல் நிறுத்தி அந்த வேலையை முடித்தார்கள், 2015இல் 6.5க்கு ஏற்றினார்கள். அதற்கு முன்பே, 3.5லும் 4லும் ஓட்டிச் சேர்த்த தரவிலிருந்துதான் 2012 ஜூலை 4 அன்று அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் அடையாளமான ஹிக்ஸ் போன்ற துகளை அறிவித்தார்கள். எது இழப்பு?

மாணவி: முழு ஆற்றலில் ஓடியிருந்தால் இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கும். அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஆசிரியர்: பேச்சை மாற்றவேண்டாம். இணைப்பும் காந்தத் தொகுதியின் உறுப்புதான். ஆகவே காந்தப் பழுது என்று நான் சொன்னது சரி.

வைண்டிங்காரர்: முதலில் வெடித்தது என்றீர்கள், இப்போது பழுது என்கிறீர்கள். சனிக்கிழமை பட்டறைக்கு வாருங்கள். கருகிய லீடு ஒன்றை உங்களுக்காகவே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆசிரியர்: சனிக்கிழமை எனக்குச் சிறப்பு வகுப்பு. அங்கேயும் காந்தம் என்றே சொல்வேன்.